வரி மிச்சம் யாருக்கு?

சூலூரில், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய திருமண மண்டபம் ஒன்றில், 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அது அரசியல் கூட்டமன்று. கொடியில்லை, முழக்கமில்லை, கண்டனத் தீர்மானமில்லை. வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்கள்; உள்ளே கேசரியும் காபியும் கொடுத்தார்கள். மேடையின் பின்புறம் கட்டியிருந்த துணியில், "வரியை மிச்சம் பிடியுங்கள், வளத்தைப் பெருக்குங்கள்!" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நான் தனியே செல்லவில்லை. எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் தோழர் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். தேர்தல் காலத்தில் நள்ளிரவிலே பசைவாளியும் கையுமாக நம்மோடு அலைந்தவர். தறி நின்றாலும் இயக்கப் பணி நிற்கக் கூடாது என்பவர். "வாங்கண்ணா, நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்" என்று அவரை அழைத்தவன் நான். ஆகவே, இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டிலே முதலில் ஏற வேண்டியவன் நானே! அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூண்டிலேற்ற முடியும்.

மண்டபத்தில் கேட்ட மந்திரம்

மேடையில் நின்றவர் இளைஞர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கையிலே சிறிய ஒலிவாங்கி. தம்மை "நிதி ஆலோசகர்" என்று அறிமுகப்படுத்திக் கொண்டார். படம் காட்டினார், கணக்குக் காட்டினார். வருமானவரிச் சட்டத்தின் 80சி பிரிவு என்ற மந்திரத்தை நிமிடத்துக்கு ஒரு முறை உச்சரித்தார். ஆண்டுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரை சேமிப்பில் போட்டால், அந்தத் தொகையை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். எஞ்சிய தொகைக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்றார். பொய்யில்லை, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இருந்தது. 2014ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் அதன் உச்சவரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் நம் தோழர் தயங்கித் தயங்கி அருகே போனார்.

"ஏனுங் தம்பி, எங்கள மாதிரி தறிக்காரங்களுக்கும் வரி வருமுங்களா?"

"வருமுங்ண்ணா. இன்னைக்கு இல்லீன்னா நாளைக்கு வரும். இப்பவே ஒரு பாலிசி போட்டு வெச்சுட்டீங்கன்னா வரியும் மிச்சம், கடேசீல பெருந்தொகையும் கைக்கு வரும், உசுருக்கும் பாதுகாப்பு. ஒரே கல்லுல மூணு மாங்காய்ங்க!"

மூன்று மாங்காய்! அந்தச் சொல்லுக்கு மயங்கினார் அவர். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அடுத்த மாதமே, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் பத்தாண்டு கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு ஒன்று அவர் பெயரில் எழுதப்பட்டது.

கணக்கைப் பாருங்கள்

இப்போது, உணர்ச்சியை ஓர் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். நம் தோழருக்குத் தறிக்கூலியில் மின்கட்டணம், ஆட்கூலி, உதிரிச் சாமான் செலவெல்லாம் போக, ஆண்டுக்கு நான்கு லட்ச ரூபாய் எஞ்சும். அந்த ஆண்டில் அவர் கட்ட வேண்டிய வருமானவரி எவ்வளவு?

பழைய வரிமுறையில், ஐந்து லட்சம் வரை வருமானமுடையவருக்கு வரித் தள்ளுபடி இருந்தது. புதிய வரிமுறையில், 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அந்த வரம்பை ஏழு லட்சமாக்கியிருந்தது. எந்த வழியில் கணக்கிட்டாலும் அவர் கட்ட வேண்டிய வரி சுழி! ஒரு காசு கூட இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? முடியில்லாத தலைக்குச் சீப்பு விற்றார்கள், தோழர்களே! விற்றவர் கெட்டிக்காரர்; வாங்கி வைத்தவன் நான்.

கதை அத்தோடு முடியவில்லை. அந்தக் காப்பீட்டுக் கட்டணத்தின் மீது, 2025 செப்டம்பர் வரையில், சரக்கு-சேவை வரி இருந்தது. முதலாண்டு 4½ விழுக்காடு. அடுத்த ஆண்டிலிருந்து 2¼ விழுக்காடு. ஐம்பதாயிரத்துக்கு முதலாண்டில் 2,250 ரூபாய், இரண்டாமாண்டில் 1,125 ரூபாய். ஆக 3,375 ரூபாய். வரி கட்ட வேண்டாத மனிதர், வரியை மிச்சம் பிடிப்பதற்காக, வரி கட்டினார்! இந்த விந்தையை எந்த நாட்டுப் பொருளாதார நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இரண்டு தவணை கட்டினார். மூன்றாம் தவணைக்கு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் வந்தது. அந்த மாதம் கொங்கு நாட்டில் என்ன நடந்து கொண்டிருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலித் தறிக்காரர்கள் மார்ச்சு மாதம் தொடங்கிய வேலை நிறுத்தம், ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. சோமனூரில், பல்லடத்தில், சூலூரில், கண்ணம்பாளையத்தில் தறிச்சத்தம் அடங்கிக் கிடந்தது. 'தடக் தடக்' என்ற ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அந்த அமைதியில் தூங்க முடியாமல் விழித்துக் கிடந்தார்கள். அடுப்பெரியவே வழியில்லாதவர் ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவார்? காப்பீட்டை முறித்துக் கொண்டார். கட்டியது ஒரு லட்சம். திரும்பியது முப்பதாயிரத்துச் சொச்சம். விதிப்படி அவ்வளவுதானாம்! இரண்டே ஆண்டில் முறித்தால் அவ்வளவுதான் கிடைக்கும் என்பதை அந்த மண்டபத்தில் எவரும் படம் போட்டுக் காட்டவில்லை.

பணம் வந்த அன்று அவர் என்னைப் பார்க்க வந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "உடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, நல்லதுன்னுதானே கூப்புட்டீங்க" என்றார். சாட்டையால் அடித்தது போலிருந்தது.

ஆலோசகரா? முகவரா?

அந்த இளைஞரைத் தூற்றுவது என் நோக்கமன்று. அவரும் மாதந்தோறும் இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும் என்ற இலக்கின் கீழே நெரிபடுகிற சம்பளக்காரர்தாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஆலோசனை" என்று பெயர் சூட்டப்பட்ட அந்தத் தொழிலுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

மருத்துவர் நாடி பார்க்கிறார். நோயாளி கட்டணம் தருகிறார். வழக்கறிஞர் வாதாடுகிறார், வழக்காடுபவர் கட்டணம் தருகிறார். இந்த "ஆலோசகருக்கு" மட்டும் ஆலோசனை கேட்பவர் ஒரு காசும் தருவதில்லை! எல்லாம் இலவசம்! கேசரியும் இலவசம்! அப்படியானால் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது? விற்கப்படும் பொருளிலிருந்து வரும் தரகில் கொதிக்கிறது. நெடுங்காலம் நடுத்தவணை, நீண்டதவணை ஆயுள் காப்பீட்டில் முதலாண்டுக் கட்டணத்தில் 35 விழுக்காடு வரையில் முகவருக்குத் தரகு தரலாம் என்று வரம்பு வகுத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் அந்தத் தனித்தனி வரம்புகளையும் எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டுமே எல்லை கட்டினார்கள். எந்தப் பொருளில் தரகு மிகுதியோ அந்தப் பொருளையே "உங்களுக்கு ஏற்றது" என்று நாக்கு சொல்லும். நாக்கின் குற்றமன்று, நாக்குக்குப் படியளக்கும் முறையின் குற்றம்.

அரசினருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில், பரஸ்பர நிதியில் பணம் போடுபவரிடமிருந்து நுழைவுக் கட்டணம் பிடிப்பதைத் தடுத்தது. 2013 ஜனவரியில், இடைத்தரகரின்றி நேரடியாகப் பணம் போடும் வழியைத் திறந்தது. அதே மாதத்தில், முதலீட்டு ஆலோசகர் பதிவு பெற வேண்டும் என்ற ஒழுங்குமுறையையும் கொண்டு வந்தது. ஆலோசனை கூறிக் கட்டணம் வாங்குபவர், அதே வாடிக்கையாளரிடம் தரகுக்குப் பொருள் விற்கக் கூடாது என்ற விதியை 2020இல் இறுக்கியது. நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பதிவு பெற்ற ஆலோசகர்கள் எத்தனை பேர்? இவ்வளவு பெரிய நாட்டில் மிகச் சிலரே! அவர்களும் பெருநகரத்து மாடிக் கட்டடங்களில் இருக்கிறார்கள். நொய்யற்கரைத் தறிக்குடிலுக்கு அவர்கள் வருவதில்லை. இங்கே வருபவர் கேசரியோடு வருபவர்தான்.

சலுகையின் முகவரி

இந்த நாட்டில் வரி மிச்சம் பிடிப்பவர் ஒருவருமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே, உண்டு! அவர்கள் திருமண மண்டபத்துக்கு வருவதில்லை. ஆலோசகர் அவர்கள் மாளிகைக்குப் போகிறார். அங்கே கேசரியில்லை, சட்டத்தின் சந்துபொந்துகள் பரிமாறப்படுகின்றன.

ஒரே ஓர் ஒப்பீட்டை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். மூளையைக் கசக்கி, உடலை வருத்தி உயர்ந்த சம்பளம் பெறும் ஒருவர், 2025ஆம் ஆண்டுத் திட்டப்படி, புதிய முறையில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 விழுக்காடு வரி கட்டுகிறார். ஆனால் பங்குச் சந்தையில் பணத்தைப் போட்டு ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று, அதே அளவு ஆதாயம் பெறுபவர்? 2024 ஜூலை 23ஆம் நாள் முதல், ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12½ விழுக்காடு! அதற்கு முன்னே 10 விழுக்காடு. அதற்கும் முன்னே, 2004 முதல் 2018 வரை, அந்த ஆதாயத்துக்கு வருமானவரியே கிடையாது! உழைத்தவனுக்கு முப்பது, உட்கார்ந்தவனுக்குப் பன்னிரண்டரை. இதுதான் தராசு!

சரி, வருமானவரியே கட்ட வேண்டாத நம் தறிக்காரத் தோழர் வரியே கட்டுவதில்லையா? காலையில் பல் துலக்கியபோதே கட்டினார்! 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு-சேவை வரி வந்தது. அன்று தொட்டு 2025 செப்டம்பர் 22ஆம் நாள் குறைக்கப்படும் வரையில், பற்பசைக்கு 18 விழுக்காடு. குளியல் சோப்புக்கு 18 விழுக்காடு. தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு 18 விழுக்காடு. நோய் வந்தால் ஆகுமென்று எடுத்த நலவாழ்வுக் காப்பீட்டுக்கும் 18 விழுக்காடு! எட்டாண்டுக்கு மேலாக வாங்கிவிட்டுக் குறைத்ததையே பெருங்கொடை என்று பறைசாற்றினார்கள். ஆலைமுதலாளி தேய்க்கும் சோப்புக்கும் அதே வரி, ஆலைத்தொழிலாளி தேய்க்கும் சோப்புக்கும் அதே வரி. இந்த வரியை மிச்சம் பிடிக்க எந்த ஆலோசகராவது வழி சொல்வாரா? குளிக்காதே என்பதைத் தவிர வேறு வழியில்லை!

மறுபக்கத்தில் 2019 செப்டம்பர் 20ஆம் நாள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சலுகைகளை விட்டுக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 22 விழுக்காடாகவும், புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 விழுக்காடாகவும் ஒரே நாளில் குறைக்கப்பட்டது. அதனால் அரசுக்கு ஆண்டொன்றுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அறிவித்தவர்களே கணக்கும் சொன்னார்கள். அந்தக் கம்பெனிகள் எந்த மண்டபத்தில் கூடின? யார் அவர்களுக்குக் காபி கொடுத்தார்கள்?

கல்லறைக்குச் சென்ற வரிகள்

இளைய தோழர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். செல்வத்தின் மீதே வரி போடும் துணிவு இந்த நாட்டுக்கு ஒரு காலத்தில் இருந்தது. 1953இல் சொத்து வாரிசுக்குப் போகும்போது விதிக்கும் மரண வரி வந்தது. 1956இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார், இந்திய வரியமைப்பைச் சீர்திருத்தும் அறிக்கையைத் தந்தார். வருமானத்தை மறைக்கலாம், செல்வத்தையும் செலவையும் சேர்த்துப் பிடித்தால் தப்ப முடியாது என்பது அவர் வாதம். அதன் வழியே 1957இல் செல்வ வரியும் செலவு வரியும், 1958இல் கொடை வரியும் சட்டமாயின.

இன்று அவை எங்கே? செலவு வரி 1962இல் நீக்கப்பட்டு, 1964இல் திரும்பி வந்து, 1966இல் மறைந்தது. மரண வரி 1985இல் மறைந்தது. கொடை வரி 1998இல் மறைந்தது. செல்வ வரிக்கு 2015இல் இறுதிச் சடங்கு நடந்தது. 2013-14இல் அதன் மூலம் வந்தது நாடு முழுவதிலும் 1,008 கோடிதான், வசூல் செலவுக்கே கட்டவில்லை என்றார்கள். கோடிக்கு மேல் வருமானமுள்ளவரிடம் கூடுதலாக 2 விழுக்காடு மேல்வரி வாங்கிக் கொள்கிறோம் என்று சமாதானம் கூறினார்கள். நான் கேட்கிறேன்: வலையில் ஓட்டையிருந்தால் மீன் விழாது, அதற்கு ஓட்டையை அடைப்பதா, வலையைக் கொளுத்துவதா? வருமானத்துக்குப் போடும் மேல்வரி, வருமானமென்று கணக்கில் காட்டாமல் மண்ணாகவும் மாளிகையாகவும் குவித்து வைத்ததைத் தொடுமா?

நம் கோவை மண்ணுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவையில் பிறந்தவர். 1947 நவம்பர் 26ஆம் நாள் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவர் அவரே. மறு ஆண்டே பதவி விலகினார். எதனால்? வருமானவரி ஏய்ப்பை விசாரிக்க அமைந்த குழுவுக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் விடுபட்டது பற்றி எழுந்த சர்ச்சையால்! குடியரசாகும் முன்பே, இந்த நாடு கண்ட முதல் நிதியமைச்சரின் நாற்காலியையே ஆட்டியது வரிப்பட்டியல். ஏழையின் பெயர் எந்தப் பட்டியலிலிருந்தும் தானாக விடுபட்டதில்லை என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

எதிர்ப்பக்கத்து வாதம்

மாற்றாரின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி முழக்கமிடுவது நமக்கு அழகன்று. அவர்கள் கூறுவார்கள்: "வரியை உயர்த்தினால் ஏய்ப்பு பெருகும். 1970களில் என்ன ஆயிற்று?" நியாயமான கேள்வி. அன்று வருமானவரியின் உச்சவிகிதம் 97¾ விழுக்காடு வரையில் போயிற்று. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொடு என்றால், கணக்குப் புத்தகம் இரண்டாவது மனிதனின் இயல்பு. அந்த உச்சவிகிதத்தை 75ஆகக் குறைக்க வேண்டுமென்று 1971இல் வாஞ்சூ குழுவே பரிந்துரைத்தது. ஒப்புக் கொள்கிறோம். அந்த விகிதத்தைத் திரும்பக் கொண்டு வா என்று எவரும் கேட்கவில்லை.

நாம் கேட்பது விகிதத்தை வானளாவ ஏற்றுவதையன்று, ஒரே அளவுகோலை. உழைப்பால் வந்த ரூபாயும் பங்கால் வந்த ரூபாயும் ரூபாய்தானே! ஒன்றை முழுத்தராசிலும் மற்றதைப் பாதித்தராசிலும் நிறுப்பானேன்?

இன்னொன்றும் கூறுவார்கள்: "நடுத்தர மக்களுக்கு 12 லட்சம் வரை வருமானவரி இல்லையென்று 2025இல் அறிவித்தோமே!" ஆம், அறிவித்தார்கள். மாதச் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75 ஆயிரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டே முக்கால் லட்சம். நன்று. ஆனால் அந்தப் புதிய முறையில் 80சி கழிவு கிடையாது என்பதை உரக்கச் சொன்னார்களா? 2024 ஜூலை 31 வரையில் தாக்கலான 7 கோடியே 28 லட்சம் கணக்குகளில் 5 கோடியே 27 லட்சம் புதிய முறையில் வந்தவை. நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்! அந்த எழுபத்திரண்டு பேருக்கு 80சி என்பது செல்லாத காசு. ஆனாலும் ஒவ்வொரு மார்ச்சு மாதமும் செல்லாத காசைச் செலவாணி என்று விற்கும் கடைகள் ஊருக்கு ஊர் திறக்கின்றன. அறிவிப்பு டெல்லியிலேயே நின்றுவிடுகிறது. ஆசைகாட்டல் மட்டும் வாசற்படி வரை வருகிறது.

கொங்கு நாடு கொடுத்த விலை

நம் மக்கள் ஏன் ஏமாறுகிறார்கள்? பேராசை என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தறிக்கு ஓய்வூதியமில்லை. விசைத்தறிக்காரனுக்கு முதுமை வந்தால் அரசு ஊழியருக்கு வருவது போல் முதல் தேதியில் பணம் வராது. மகள் திருமணம், மகன் படிப்பு, மனைவியின் மருத்துவம் எல்லாவற்றுக்கும் அவன் கையையே நம்ப வேண்டும். ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் அவன் கண்ட வங்கி. அந்த அச்சத்தின் மீதுதான் வலை வீசுகிறார்கள்.

திருப்பூரில் பாசி அந்நியச் செலாவணி நிறுவனம் என்று ஒன்று முளைத்ததை மறந்தீர்களா? 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்களிடமிருந்து திரட்டியது ஏறத்தாழ 930 கோடி! மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை நடத்தி, கோவைத் தனி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் 27 ஆண்டுச் சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. பணம் போனது 2009இல். தீர்ப்பு வந்தது 2022இல். பதின்மூன்று ஆண்டுகள்! அதற்கிடையே 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி மோசடி அம்பலமாயிற்று. கோழி பறக்கவில்லை, பணம் பறந்தது. வைப்பாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் செய்திருந்தும் இவ்வளவும் நடந்தன.

காப்பீட்டு நிறுவனத்தையும் கோழிப்பண்ணை மோசடியையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று கேட்காதீர்கள். ஒன்று சட்டத்துக்கு உட்பட்டது, மற்றது சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் இரண்டும் நம் வீட்டுக்குள் நுழைந்த வாசல் ஒன்றே: தெரிந்தவர், உறவினர், ஊர்க்காரர், ஆம், கட்சிக்காரர்!

இங்கேதான் நம் நெஞ்சிலே கைவைக்க வேண்டும். நம் கிளைகளில் பொறுப்பிலிருக்கும் சிலரும் இன்று பகுதிநேர முகவர்கள். பிழைப்புக்கு வழி தேடுவது குற்றமன்று. ஆனால் வாக்குக் கேட்டுச் சென்ற அதே வாசலுக்குப் பாலிசி படிவத்தோடு செல்லும்போது, அந்த வீட்டுக்காரர் கையொப்பமிடுவது படிவத்தைப் பார்த்தா, நம் முகத்தைப் பார்த்தா? நாற்பதாண்டு வெயிலிலும் மழையிலும் இயக்கம் சேர்த்த நம்பிக்கையை, 35 விழுக்காட்டுத் தரகுக்கு விற்பதற்கு நமக்கு யார் உரிமை தந்தது?

நமக்குப் பயன்படும் ஒரு விதி

வரிச்சட்டம் முழுவதும் செல்வர் பக்கமே என்று சலித்துக் கொண்டு மூலையில் உட்காருபவர்களுக்கு ஒரு செய்தி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிலுள்ள காலத்துக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், ஒப்பந்தமில்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால், பணத்தைக் கொடுக்கும் ஆண்டு வரையில் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. அதாவது, கூலியை நிறுத்தி வைக்கும் பெரிய ஜவுளி முதலாளிக்கு வரி கூடும்!

எண்ணிப் பாருங்கள்! நெய்து கொடுத்துவிட்டுக் கூலிக்காக மாதக்கணக்கில் நடக்கும் தறிக்காரர் கையில் இது சிறு ஆயுதமன்று. அதைப் பயன்படுத்த வேண்டுமானால், தறிக்காரர் உத்யம் பதிவு பெற்றிருக்க வேண்டும். தந்த துணிக்கும் நெய்த கூலிக்கும் பட்டியல் எழுதியிருக்க வேண்டும். இந்த விதி 2024இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒத்திப் போடுங்கள் என்று பெருவணிகர்கள் டெல்லிக்கு ஓடினார்களே, அதிலிருந்தே தெரியவில்லையா இதன் வலிமை? இதை விளக்கிச் சொல்ல எந்த ஆலோசகரும் மண்டபம் பிடிக்கவில்லை. ஏன்? இதில் தரகில்லை!

இனிச் செய்ய வேண்டுவது

தரகில்லாத அந்த வேலையை நாம் செய்வோம். கிளை அலுவலகத்தில் மாதத்தில் ஒரு மாலை, கணக்குத் தெரிந்த தோழர் ஒருவர் மேசை போட்டு உட்காரட்டும். எதையும் விற்க வேண்டாம். கொண்டு வரும் படிவத்தைப் படித்துச் சொன்னால் போதும். கையொப்பமிடுமுன் மூன்றே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தத் திட்டமில்லாவிட்டால் இந்த ஆண்டு நான் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? இதை விற்பதால் உமக்கு வருவது எவ்வளவு? மூன்றாம் ஆண்டில் நான் நிறுத்தினால் என் கைக்கு வருவது எவ்வளவு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருபவர் ஆலோசகர். சிரித்து மழுப்புபவர் வியாபாரி.

அவசரப்பட்டுக் கையொப்பமிட்டவர்களுக்கும் சொல்லுங்கள்: காப்பீட்டு ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரும் உரிமை 2024ஆம் ஆண்டு விதிகளில் உண்டு. ஏமாற்றப்பட்டவர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. உயிர்ப் பாதுகாப்பு வேண்டுமானால், சேமிப்புக் கலப்பில்லாத வெறும் பாதுகாப்புக் காப்பீடு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். சேமிப்பு வேண்டுமானால், 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதி அஞ்சலகத்திலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாயிலும் கணக்கை உயிரோடு வைக்கலாம், வட்டிக்கு வரியில்லை. இவற்றைச் சொல்லும் முகவர் குறைவு. காரணம் உங்களுக்கே தெரியும்.

இது வீட்டைக் காக்கும் வேலை. நாட்டைத் திருத்தும் வேலை வேறு. உழைப்புக்கும் பங்குக்கும் ஒரே தராசு. பெருஞ்செல்வத்துக்கும் பெருஞ்சொத்து வாரிசுரிமைக்கும் மீண்டும் வரி. ஆலோசனையும் விற்பனையும் ஒரே வாயில் இருக்கக் கூடாது என்ற விதி காப்பீட்டுக்கும். 45 நாள் கெடுவைக் காகிதத்தில் அல்லாமல் சோமனூர்ச் சந்தையில் நடைமுறைப்படுத்தல். இந்த நான்கையும் மாநாட்டுத் தீர்மானமாக மட்டும் எழுதி மடித்து வைக்காமல், தெருமுனையில் பேசுங்கள். வரிச்சட்டம் புரியாத மொழியில் எழுதப்பட்டிருப்பதே புரிந்தவர்கள் பிழைப்பதற்காக. அதைத் தமிழில், தறிக்காரருக்குப் புரியும் தமிழில் சொல்வதே முதற்போராட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடப்புக்கு வருமாறு 2025இல் புதிய வருமானவரிச் சட்டம் இயற்றினார்கள். பிரிவு எண்கள் மாறின. எண்கள் மாறினால் போதுமா? தராசு மாற வேண்டாமா?

நம் தோழர் இன்றும் எட்டுத் தறியை ஓட்டுகிறார். போன மாதம் உத்யம் பதிவுக்கு அவரோடு நானும் போனேன். திரும்பும் வழியில், சூலூர்ப் பெரிய குளத்து மேட்டில் நின்று, "இதுக்கு எத்தன தவணைங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் எழுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் எவருக்கும் அப்படிக் கடன்பட வேண்டாம், தோழர்களே!